முப்பது புள்ளி நான்கு

ஜன்னல் கண்ணாடியை மூடிவிடாதே தாயி, கொஞ்சம் காற்று வரட்டும். உனக்குக் குளிர்ந்தால் சொல், நான் அந்தப் பக்கம் மாறிக்கொள்கிறேன். வேண்டாமா? சரி.

நீ பரமக்குடியா? நான் ராமநாதபுரம் போய் அங்கிருந்து பாம்பன் பஸ் பிடிக்க வேண்டும். நான் பஸ்ஸில் பேசுகிறவள் இல்லை. இதற்கு முன் முகம் தெரியாத ஆளிடம் பஸ்ஸில் பேசியது இரண்டே தடவை. ஒரு தடவை மணி கேட்டேன். இன்னொரு தடவை என் காலை மிதித்துக்கொண்டு நின்றவரிடம் காலை எடுக்கச் சொன்னேன், அதுவும் மூன்று ஸ்டாப் கழித்து. இன்றைக்கு என்னவோ யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. தூக்கம் வந்தால் நீ தூங்கு. நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

திருப்பூரில் என் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன். வள்ளிமயில் என்று பெயர். மயிலு என்போம். எட்டு வருஷம் கழித்து நேற்றுத்தான் என்னோடு பேசினாள். சிரித்துப் பேசினாள். அதுதான் இப்போது உறுத்துகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

நாங்கள் கடலில் பாசி எடுக்கிறவர்கள். குளத்துப் பாசி இல்லை, கடலுக்கடியில் பாறையில் முளைக்கிற பாசி. மருந்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகிறது என்பார்கள். விரலைப் பாறை கிழிக்காமல் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு முங்க வேண்டும். நான் நாற்பத்தோரு வருஷம் முங்கினேன். மயிலு என்னைவிட ஒன்பது வயது சின்னவள். மூச்சடக்க அவளுக்குப் பழக்கியவள் நான்தான். நான் மேலே எண்ணிக்கொண்டிருப்பேன், அவள் கீழே இருப்பாள். அறுபத்தெட்டு வரைக்கும் இருப்பாள். எனக்கு ஐம்பத்தொன்றுதான்.

பிறகு வடகடலில் பாசி வளர்க்கிற வேலை வந்தது. மூங்கிலைச் சதுரமாகக் கட்டித் தெப்பம் செய்து, குறுக்கே கயிறு கட்டி, கயிற்றில் வித்துப் பாசியைத் துண்டு துண்டாக முடிந்து மிதக்கவிடுவது. நாற்பத்தைந்தாம் நாள் அறுப்பு. ஐந்து பெண்கள் ஒரு குழு, மயிலுவும் நானும் ஒரே குழு. எங்கள் குழுவுக்கு நாற்பது தெப்பம். தெப்பத்துக்கு இருபது கயிறு, கயிற்றுக்கு இருபது முடிச்சு. மொத்தம் பதினாறாயிரம் முடிச்சு. நான் எண்ணியிருக்கிறேன். சிரிக்காதே, இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன்.

அஞ்சாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் எண் மட்டும் என்னிடம் தப்பாது. அதனால்தான் சுகிர்தா மேடம் ஊருக்கு வந்தபோது எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். மேடம் கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். கடல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுத உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்றார். கடல் சூடானால் முதலில் பாறையில் இருக்கும் பவளம் வெளுக்கும், பிறகு பாசி வெளுக்கும், அதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளத்தான் என்றார்.

"சேதுராக்கு இருக்கையில வேற ஆளு எதுக்கு? வீட்டுல சோத்துப் பருக்கையையே எண்ணிப் போடுறவ," என்றாள் ராமாயி. எங்கள் குழுவில் வாய் நீளம் அவளுக்கு.

கண்ணாடிக் குழாயில் செய்த சூட்டுமானி ஒன்றும் நோட்டு ஒன்றும் கொடுத்தார்கள். நோட்டில் கட்டம் போட்டிருந்தது. தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், வானம் எப்படி, தண்ணீர்ச் சூடு. அவ்வளவுதான், ஐந்து கட்டம். எப்படி அளப்பது என்று சமுதாயக் கூடத்தில் ஒருநாள் காட்டினார்கள். மேடத்தோடு வந்த பையன் ஒரு வாளித் தண்ணீரில் குழாயை வைத்தான், மூன்று நிமிஷம் என்றான், குனிந்து படித்தான். நான் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ராமாயி. அவள் முதுகு மறைத்து, வாளி எனக்குத் தெரியவில்லை.

"சந்தேகம் இருந்தா கேளுங்க," என்றான்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. எனக்கு வெள்ளெழுத்து. மூக்குக்கண்ணாடி இல்லாமல் அந்தச் சின்னக் கோடு தெரியாது. கண்ணாடியைக் கடலுக்குள் போட்டுக்கொண்டு போனால் அலை பிடுங்கிக்கொள்ளும், முன்பே ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். தண்ணீரில் நின்றுகொண்டு எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அத்தனை பேர் நடுவில் எழுந்து நிற்க வேண்டுமே.

அதனால் நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். காலை ஆறரை மணி. இடுப்பளவுத் தண்ணீரில் போய் நிற்பேன். குழாயை முங்கவைத்து நூற்றெண்பது எண்ணுவேன். வெளியே எடுத்துச் சொட்டை நன்றாக உதறிவிட்டு, கரைக்கு இருபத்துமூன்று எட்டு நடப்பேன். கரையில் டப்பாவுக்குள் கண்ணாடியும் நோட்டும் இருக்கும். கண்ணாடியை மாட்டி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்து எழுதுவேன். ஒருநாள்கூட இருபத்துநான்காவது எட்டு வைத்ததில்லை தாயி. மேடம் ஒரு தடவை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா எங்க ஆபீஸ்லகூட யாரும் எழுதுறதில்லைம்மா" என்றார். அதை மயிலுவிடம்தான் முதலில் போய்ச் சொன்னேன். அவள் ஊரெல்லாம் சொன்னாள்.

இரண்டாம் வருஷம் பங்குனி பதினான்காம் தேதி நாற்பது தெப்பத்துக்கும் வித்துக் கட்டினோம். எங்களிடம் வித்து போதவில்லை. மயிலுதான் தொண்டிப் பக்கம் போய், ஈரச் சாக்கில் சுற்றி, வழியெல்லாம் கடல் தண்ணீர் தெளித்துக்கொண்டே கொண்டுவந்தாள். நல்ல வித்து. முதல் இருபது நாளில் கிளைவிட்டது பார்க்கப் பார்க்க அழகு.

எங்கள் பக்கம் சித்திரை பிறந்து பத்துப் பதினைந்து நாளில் கச்சான் காற்று கிளம்பிவிடும். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. அது வந்தால் கடலைப் புரட்டிப் போடும், மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் கலக்கும், சூடு தணியும். அந்த வருஷம் கச்சான் வரவில்லை. கடல் எண்ணெய்ச் சட்டி மாதிரி அசையாமல் கிடந்தது. விடியற்காலையில் கரையிலிருந்து மெல்லிசாக ஒரு காற்று வரும், அவ்வளவுதான். பிறகு நாளெல்லாம் வெயில்.

முப்பத்தோராம் நாள் காலை நான் அளந்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மயிலு தெப்பத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தாள்.

"அக்கா, தண்ணி சுடுதுக்கா."

"சித்திரையில சுடாம குளிருமாடி?"

"இல்லக்கா, இது வேற. விரல் துணியை அவுத்துட்டுக் கையை வச்சேன். அடிவரைக்கும் சுடுது. நாளைக்கே அறுத்துருவோம். பாதிதான் வளந்திருக்கு, இருக்கட்டும். பாதியாவது கரை சேரும்."

நான் நோட்டைக் காட்டினேன். முப்பது புள்ளி நான்கு. அதற்கு முந்தின நாள் முப்பது புள்ளி மூன்று. முப்பத்திரண்டைத் தாண்டினால் போன் பண்ணுங்கள், அன்றே அறுத்துவிடலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். முப்பத்திரண்டுக்கு இன்னும் ஒன்றரைக்கு மேல் இருக்கிறது.

"கைக்கு என்னடி தெரியும்? உன் கைக்கு நேத்து ஒரு கணக்கு, இன்னைக்கு ஒரு கணக்கு. இது கண்ணாடிக் குழாய். பொய் சொல்லாது."

"குழாய் பொய் சொல்லாதுக்கா. ஆனா கை சுடுதே."

அவள் பின்னால் கரையேறிய குழுவின் மற்ற மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நாற்பத்தைந்துக்கு முன்னால் அறுக்கக் கூடாது என்றேன். குழுவில் மூத்தவள் நான், நோட்டு வைத்திருக்கிறவளும் நான். அவ்வளவுதான் பேச்சு.

நாற்பதாம் நாள் கயிறுகளில் பாசி வெளுத்துவிட்டது. முதலில் நுனி வெளுத்தது. பிறகு தண்டு. கையில் எடுத்தால் வெந்த சேமியா மாதிரி வழுக்கி விழுந்தது. மூன்று நாளில் நாற்பது தெப்பமும் வெறும் மூங்கிலும் கயிறும். பதினாறாயிரம் முடிச்சில் ஒன்றிலாவது பச்சை இருக்கிறதா என்று மயிலு ஒவ்வொரு கயிறாகத் தடவிக்கொண்டே போனாள். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கச்சான் வைகாசி முதல் தேதி வந்தது. வழக்கத்துக்குப் பத்தொன்பது நாள் பின்னால். வந்து என்ன செய்ய?

மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். என்னத்தால் இப்படி ஆனது என்ற பேச்சு வந்தது. நான் நோட்டை விரித்தேன். வெளுத்த அன்றைக்குக்கூட முப்பது புள்ளி எட்டுதான். அப்படியென்றால் கடல்மேல் குற்றமில்லை. கடல்மேல் இல்லையென்றால் வேறு எதன்மேல்? நான் கணக்குத்தான் போட்டேன் தாயி. வெளியூரிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"வித்துலதான் ஏதோ இருந்திருக்கு," என்றேன்.

ராமாயி பிடித்துக்கொண்டாள். "நான் அன்னைக்கே நெனச்சேன். எந்தக் கை எடுத்த வித்தோ, எந்தக் கை சுமந்த வித்தோ. சில பேரு கை பட்டா கடல்கூடக் கருகும்."

மயிலு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாளோ என்னவோ. நான் நோட்டை மூடி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தேன். மூடி சரியாக உட்காராது, இரண்டு தடவை அழுத்த வேண்டும்.

ஆனி மாதம் அவளும் அவள் வீட்டுக்காரர் நம்புராஜனும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நான் ஆறரைக்குக் கடலில் நின்றேன், பாலத்தில் பஸ் போகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு இருபத்தொன்பது புள்ளி ஒன்று.

அதற்கப்புறமும் அளந்தேன். கடைசியில் கணக்கு ஆயிரத்து நூற்றிருபத்தேழு நாள். நான்கு நாள்தான் விட்டது. இரண்டு நாள் காய்ச்சல், ஒருநாள் புயல் எச்சரிக்கை, ஒருநாள் மாமியார் இறந்தது.

மயிலு போய் ஒன்றேமுக்கால் வருஷம் ஆனபோது மேடம் ஒரு கருவி கொண்டுவந்து தண்ணீருக்குள் கட்டினார். தானாகவே அளந்து வைத்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து என் நோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒருநாள் நான் இரண்டு குறைவு. ஒருநாள் ஒன்று குறைவு. ஒருநாள் இரண்டரை குறைவு. ஒருநாள்கூட அதிகம் இல்லை.

"எப்படிம்மா அளக்குறீங்க? ஒரு தடவை செஞ்சு காட்டுங்க," என்றார்.

செய்து காட்டினேன். நூற்றெண்பது. உதறல். இருபத்துமூன்று எட்டு. மேடம் கரையில் நின்று பார்த்தவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"ஈரக் குழாயைக் காத்துல எடுத்துட்டு வந்தா குளிர்ந்துரும்மா. உள்ளே இருக்கும்போதே படிக்கணும். இல்லன்னா ஒரு மக்குல தண்ணியோட மொண்டு கொண்டாந்து படிக்கணும்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது பார், அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தோரு வருஷம் கடலிலிருந்து ஏறி ஈரச் சேலையோடு காற்றில் பல் கிட்டிக்க நின்றவள் நான். தண்ணீருக்குள் இருக்கும்வரை குளிராது, ஏறினால்தான் குளிரும் என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் குழாயும் என்னைப் போலத்தான் நடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. நான் அந்த நடுக்கத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

மேடம் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். "கடலும் அப்படித்தாம்மா. பூமியில அதிகமா சேருற சூட்டுல பத்துப் பங்குக்கு ஒம்பது பங்கைக் கடல்தான் வாங்கி வச்சுக்குது. காத்து வந்து எடுத்தாத்தான் குடுக்கும். ஆவியாக் குடுக்கும். அந்த ஆவிதான் மேகமாகி மலையில போய் மழையா விழுது. காத்து வரலைன்னா சூடு அங்கேயே தங்கிரும்."

"காத்து ஏன் வரல?" என்றேன்.

"கிழக்கே ரொம்ப தூரத்துல ஒரு பெரிய சமுத்திரம் இருக்கு. அதுல சூடு இடம் மாறிக் கிடந்தா, இங்க காத்து தளர்ந்துரும், பிந்தி வரும். அந்த வருஷம் அப்படித்தான். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டின கயிறும்மா."

நான் நம்பினேன். கண்ணால் காணாத சமுத்திரம், அதில் சூடு இடம் மாறியதாம், அதனால் எங்கள் பாசி வெந்ததாம். ஒரு சந்தேகமும் வரவில்லை.

நோட்டைத் திருத்தித் தரலாமா, குறைந்ததைக் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். முடியாது என்றார். தினமும் ஒரே அளவு குறைந்திருந்தால் கூட்டலாம். காற்று ஒருநாள் போல் ஒருநாள் இல்லை, அதனால் தப்பும் ஒருநாள் போல் ஒருநாள் இல்லை. ஆயிரத்து நூற்றிருபத்தேழு நாளில் காற்று எந்தப் பக்கம் என்ற கட்டமும் வானம் எப்படி என்ற கட்டமும் மட்டும் உபயோகப்படும் என்றார். "உங்கமேல தப்பு இல்லம்மா, நாங்கதான் சரியாக் காட்டலை" என்றும் சொன்னார். நீயே சொல், ராமாயி மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தால்?

அன்றே திருப்பூருக்குப் போயிருக்க வேண்டும். வித்தில் குற்றமில்லை என்று மயிலுவிடம் சொல்லியிருக்க வேண்டும். கொட்டகையில் மற்றவர்களிடமாவது சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வருஷம். பொங்கலுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'மயிலுக்கு' என்று எழுதியதோடு சரி.

போன மாதம் ஒரு சாவுக்கு நம்புராஜன் ஊருக்கு வந்திருந்தார். மயிலு எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்றார். பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணுதான் அண்ணி. வாசல்ல ஒரு துளசியை வைன்னா வைக்க மாட்டேங்கிறா. பக்கத்து வீட்டுப் பிள்ளை மல்லிகைப் பதியன் குடுத்துச்சு, அதையும் வாங்கல. என் கை பட்டா கருகிரும்ங்கிறா. எட்டு வருசமா இதே பேச்சு."

அந்தச் சாவு வீட்டில் நான் அழுததை எல்லோரும் வேறு கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

முந்தாநாள் சனிக்கிழமை போய் இறங்கினேன். ஒரே அறை வீடு. கதவைத் திறந்தவள் "வாங்க" என்றாள். என்னைப் போய் வாங்க என்கிறாள். சோறு போட்டாள், பாய் போட்டாள். பேசவில்லை. நேற்று ஞாயிறு, கம்பெனி லீவு. மீன் அரிந்துகொண்டிருந்தாள். முடி முக்கால்வாசி நரைத்துவிட்டது. நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு செம்புத் தண்ணீரில் விரலை முக்கி, வெளியே எடுத்து ஊதிக் காட்டினேன். இப்படித்தான் குளிர்ந்தது, இப்படித்தான் இரண்டு குறைந்தது, உன் வித்து நல்ல வித்து, உன் கை நல்ல கை, தண்ணீர்தான் சுட்டது, காற்று பிந்தியது, கிழக்கே ஒரு சமுத்திரம். ஒன்றும் விடவில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் ரொம்ப நேரம் தன் கையையே பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தத் தண்ணியிலதானக்கா நீயும் தெனம் நின்ன? ஒனக்குச் சுடலையா?"

கோபமாகக் கேட்கவில்லை தாயி. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இல்லடி," என்றேன். "எனக்குத் தெரியல."

அவள் தலையை ஆட்டினாள். "அப்பச் சரிக்கா. ஒனக்குத் தெரிஞ்சிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா? பாவம், நீ என்ன செய்வ," என்றாள். மீன் கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பேச்சு ஓயவில்லை. எட்டு வருஷத்துப் பேச்சு. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு அந்த மல்லிகைப் பதியனைக் கேட்டு வாங்கி, ஓட்டை வாளியில் மண் போட்டு ஊன்றினாள். காலையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றாள். நீதான் பார்த்தாயே, பச்சைச் சேலை.

உனக்கு ஊர் வந்துவிட்டதா? பையை எடுத்துக்கொள். இல்லை, ஒரு நிமிஷம் இரு.

இதை யாரிடமும் சொன்னதில்லை. மேடத்திடம்கூடச் சொல்லவில்லை. வித்துக் கட்டின இருபத்தெட்டாம் நாள் காலையிலிருந்தே எனக்குச் சுட்டது தாயி. அவள் வந்து சொன்னதற்கு மூன்று நாள் முன்னால். முழங்காலுக்குக் கீழே, வெந்நீரில் நிற்கிற மாதிரி. கரைக்கு வந்து கண்ணாடியை மாட்டினேன், முப்பது புள்ளி மூன்று என்று இருந்தது. காலுக்குச் சுடுகிறது என்று எழுத நோட்டில் கட்டம் இல்லை.